ஒன்பதால் பெருக்கிய கடவுள்

போன மழைக்காலத்தில், மணிலாவுக்கு அப்பால் இருக்கும் எங்கள் லிபாய் ஊரில் கடவுளைக் கண்டுபிடித்தார்கள். இத்தனை காலமும் அவரைக் கோயிலிலும் மலையிலும் தேடியது வீண் அலைச்சல். அவர் கைபேசிக் கால்குலேட்டரில், பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கண்டுபிடித்தவர் பிரதர் ஹெர்மோ. முழுப்பெயர் ஹெர்மோஹெனெஸ் பகிளாவ். அதற்கு முன்னால் வீடு வீடாகத் தண்ணீர் வடிகட்டி விற்றுக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டுத் தண்ணீர் அழுக்கு என்று முதலில் உங்களைப் பயமுறுத்த வேண்டும், பிறகு வடிகட்டியை விற்க வேண்டும். நல்ல பயிற்சிதான், பின்னால் உதவியது. ஒருநாள் பெட்ரோல் பங்கில் மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வானத்திலிருந்து குரல் கேட்டதாம். "ஹெர்மோ, என் எண் ஒன்பது" என்றதாம். அதற்குமேல் அது ஒன்றும் சொல்லவில்லை. உலகத்தைப் படைத்தவர் இவ்வளவு தூரம் இறங்கி வந்து ஒரே ஓர் இலக்கத்தைச் சொல்லிவிட்டுப் போனார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவருடைய சித்தாந்தம் இதுதான். ஏதாவது ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒன்பதால் பெருக்குங்கள். ஏன் ஒன்பது? நவநாள் செபம் ஒன்பது நாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் விடியற்காலைப் பூசை ஒன்பது நாள். வேறென்ன வேண்டும்? வந்த விடையின் இலக்கங்களைக் கூட்டுங்கள். ஒற்றை இலக்கம் ஆகும்வரை கூட்டிக்கொண்டே போங்கள். கடைசியில் ஒன்பது வரும், அதுவே கடவுள்.

நாங்களும் போட்டுப் பார்த்தோம், வந்தது. கல்யாணத் தேதியைப் போட்டோம், ஒன்பது. சண்டைச் சேவலின் கூண்டு எண்ணைப் போட்டோம், ஒன்பது. நாய்க்கு ஊசி போட்ட தேதிக்கும் ஒன்பதுதான். மீன் சந்தையில் ஒருத்தி கிலோ விலையைப் பெருக்கிப் பார்த்துவிட்டு அழுதாள். வாங்க வந்தவரும் கூட அழுதார், ஆனால் அவர் விலையைக் கேட்டு அழுதார். ஊரே கால்குலேட்டரும் கையுமாகத் திரிந்தது. கணக்குப் பாடத்தில் மூன்று தடவை தோற்ற என் பக்கத்து வீட்டுக்காரன் ருவெல், "இப்பத்தான் எனக்குக் கணக்கு புரியுது" என்று கண்ணீர் விட்டான். அவன் இரும்பு வெல்டிங் செய்பவன். அளவெடுத்து அவன் செய்த கதவுகளைப் பார்த்தவர்கள் அந்தக் கண்ணீரை நம்ப மாட்டார்கள்.

ஆனால் எல்லோருக்கும் ஒன்பதே வந்தால் பிரதர் ஹெர்மோ எதைச் சாப்பிடுவார்? அதற்கும் கடவுள் வழி வைத்திருந்தார். வழி என்றால் நிஜமாகவே வழி. சில எண்கள் நேராக ஒன்பதுக்கு வந்துவிடும். அவை புனிதர்கள். சில எண்களைக் கூட்டினால் முதலில் இருபத்தேழு வந்து, பிறகு ஒன்பது வரும். மூன்று தடவை மூன்றைப் பெருக்கினால் இருபத்தேழு, அது திருத்துவ வழி, நல்லது. சிலவற்றுக்கு முதலில் பதினெட்டு வரும். பதினெட்டு என்றால் மூன்று ஆறு. மூன்று ஆறு என்றால் வேதத்தில் சொன்ன சாத்தான் மிருகத்தின் எண். அந்த ஆள் மிருகத்தின் வீட்டு முற்றம் வழியாகக் கடவுளிடம் போகிறான் என்று அர்த்தம்.

பிறந்த தேதியை மாதம் முதலில், நாள் பிறகு என்று எழுதிப் பெருக்கினால் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குப் பதினெட்டுதான் வந்தது. அவர்களுக்கெல்லாம் பிரதர் ஹெர்மோ 'பாலம்' என்று ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுத்தார். கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டால் முற்றத்தைத் தாண்டிப் போய்விடலாம். வேலைக்கு ஓர் அட்டை, கல்யாணத்துக்கு இன்னோர் அட்டை, வெளிநாட்டு விசாவுக்குப் பெரிய அட்டை. கொடுத்துவிட்டு 'அன்புக் காணிக்கை' வாங்கிக்கொண்டார். அன்பு எவ்வளவு என்று அட்டையின் பின்னால் அச்சிட்டிருந்தது.

என் பிறந்த நாள் பிப்ரவரி இரண்டு, அதாவது இரண்டும் பூஜ்யம் இரண்டும். இருநூற்று இரண்டை ஒன்பதால் பெருக்கினால் ஆயிரத்து எண்ணூற்றுப் பதினெட்டு. அதிலேயே இரண்டு பதினெட்டு நிற்கிறது, கூட்டினால் மூன்றாவது பதினெட்டும் வருகிறது. பிரதர் ஹெர்மோ என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"சகோதரர் அப்னெர், உங்க வழியில ஒரு மிருகம் இல்ல, ஒரு மந்தையே மேயுது" என்றார்.

"மேயட்டும் பிரதர். வீட்டுல புல்லு நிறைய இருக்கு" என்றேன். என் மனைவி கிறிசாந்தா என் விலாவில் இடித்தாள்.

நான் வீடியோகே பெட்டி வாடகைக்கு விடுபவன். பிறந்த நாள், ஞானஸ்நானம், சாவு, எது நடந்தாலும் எங்கள் ஊரில் பாட்டு வேண்டும். பெட்டியில் எண்ணை அழுத்தினால் பாட்டு வரும், பாடி முடித்தால் பெட்டி மதிப்பெண் போடும். எங்கள் ஊரில் யாரும் பாட்டின் பெயரைச் சொல்வதில்லை, எண்ணைத்தான் சொல்வோம். "கிறிசாந்தா, உன் ரெண்டாயிரத்து இருநூத்துப் பதினாலு பாடேன்" என்றால் அவள் வெட்கப்படுவாள், பிறகு மூன்று தடவை பாடுவாள். ஆனால் ஓர் எண்ணை மட்டும் யாரும் அழுத்துவதில்லை. ஆயிரத்து முந்நூற்று முப்பத்தெட்டு. பழைய காதல் பாட்டுதான், என்ன ராசியோ, அது ஒலித்தால் ஆம்பிளைகளுக்கு இடையில் மைக் யாருக்கு என்று சண்டை வரும். ஒரு ஞானஸ்நானத்தில் மாமனும் மச்சானும் மோதி, ஒருவர் தொடையில் இறைச்சி வாட்டும் குச்சி ஏறியது. ஒரு சாவு வீட்டில் நாற்காலிகள் பறந்தபோது அடி வாங்காதவர் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தவர் மட்டும்தான். அன்றிலிருந்து யாராவது அந்த எண்ணை அழுத்தினால் வீட்டுக்காரர் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்.

பிரதர் ஹெர்மோ பாடுவதே இல்லை. தன் குரல் கடவுளுக்கு எழுதிவைக்கப்பட்டது என்பார். பாடாத ஆளை நம்பக்கூடாது என்று அன்றே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முகநூலில் 'ஒன்பதே அவர்' என்று ஒரு குழு தொடங்கினார். எங்கள் ஊர், பக்கத்து ஊர், பக்கத்துத் தீவு, துபாயில் வேலை செய்யும் பிள்ளைகள் என்று கூட்டம் குவிந்தது. அங்கேதான் பெரிய யுத்தம் மூண்டது.

ருவெல் பைபிள் சபைக்காரன். நவநாள் செபம் அவர்கள் சபையில் கிடையாது. அவன் எழுதினான்: "ஒன்பதால பெருக்குறது கத்தோலிக்கப் பழக்கம். வேதத்துல இல்ல. மூணால பெருக்கி, திரும்பவும் மூணால பெருக்கணும். பிதா, சுதன், ஆவி. அதுதான் சுத்தம்."

உடனே முடிதிருத்தும் தொமசிட்டோ பாய்ந்தான்: "நவநாளை நீக்கிட்டு நீ எந்தக் கடவுளைக் கூட்டுற? உன் கால்குலேட்டரைக் கழுவு."

"மூணு மூணாப் போட்டேன், எனக்கு ஒன்பது வந்துச்சு. சத்தியம் ஜெயிச்சுது."

"ஒன்பதாப் போட்டேன், எனக்கும் ஒன்பது வந்துச்சு. நீ எங்க விடையைத் திருடிட்ட."

"திருடினது நீ. என் விடை முந்தி வந்துச்சு."

இப்படியே போயிற்று. இரண்டு பக்கமும் ஒரே விடை வந்தது. அதைவிடக் கேவலமான துரோகம் இருக்க முடியாது என்று இரண்டு பக்கமும் நினைத்தது. 'ஒன்பதார்' என்றும் 'மும்மூன்றார்' என்றும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. மும்மூன்றார் தனிக்குழு தொடங்கி, அதில் ஒன்பதாரைத் திட்டினார்கள். ஒன்பதார் கள்ளப் பெயரில் அதற்குள் புகுந்து அங்கேயே பதில் திட்டினார்கள். எவ்வளவு சூடாக இருந்தாலும் நடுவில் ஒரு கிழவர் தினமும் சூரிய அஸ்தமனப் படத்தைப் போட்டு "ஆமென்" என்று எழுதிவிட்டுப் போவார். அவர் எந்தக் கட்சி என்று கடைசிவரை தெரியவில்லை. பிரதர் ஹெர்மோ இரண்டு கட்சிக்கும் பொதுவானவர். ஒன்பதாருக்கு மஞ்சள் அட்டை, மும்மூன்றாருக்கு நீல அட்டை.

என் மனைவி கிறிசாந்தா ஒன்பதார். அவளுடைய உயிர்த்தோழி லூர்தித்தா மும்மூன்றார். எங்கள் மகளுக்கு லூர்தித்தா ஞானத்தாய், அவள் மகனுக்கு என் மனைவி ஞானத்தாய். சுவர் தாண்டிக் கிண்ணம் போகாத நாள் கிடையாது. இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் லூர்தித்தா சத்தமாக மூன்றால் பெருக்குவாள், இந்தப் பக்கம் இவள் சத்தமாக ஒன்பதால் பெருக்குவாள். இரண்டு பேரும் ஒரே விடையைக் கத்தி முடித்துவிட்டு ஜன்னலைச் சாத்துவார்கள்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். என் சிரிப்பை நிறுத்தியது ஒரு பன்றி.

ஒரு பிறந்த நாள் விருந்தில் முழுசாக வாட்டிய லெச்சோன் பன்றியின் மொறுமொறு தோலைக் கிறிசாந்தா ஆசையாகத் தின்றாள். சாயங்காலம் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். மாகாண ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் அம்மா சொன்னார், பித்தப்பை நிறையக் கல். எடுத்தாக வேண்டும். தள்ளிப்போட்டால் சீழ் பிடிக்கும், பை வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகஸ்ட் பதினாலு என்று தேதியும் கொடுத்தார்.

வண்டியில் திரும்பி வரும்போதே இவள் பெருக்கிவிட்டாள். எண்ணூற்றுப் பதினாலை ஒன்பதால் பெருக்கினால் ஏழாயிரத்து முந்நூற்று இருபத்தாறு. கூட்டினால் பதினெட்டு.

"அப்னெர், அது மிருகத்தோட நாள். அன்னைக்கு என் வயித்தைத் திறந்தா எது உள்ள போகும்னு யாருக்குத் தெரியும்?"

"டாக்டரோட கை போகும். வேற எது போகும்?"

"விளையாடாதீங்க."

பிரதர் ஹெர்மோவிடம் கேட்டாள். உடம்புக்குள் பாலம் போட முடியாது, ஆகையால் அட்டை உதவாது என்று அவர் முதல் தடவையாக நேர்மையாக இருந்தார். நவம்பர் பன்னிரண்டு நேர்வழி நாள் என்றார். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டை ஒன்பதால் பெருக்கினால் பத்தாயிரத்து எட்டு, நேராக ஒன்பது. அதுவரைக்கும் கல் பொறுத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். கல்லிடம் அவர் கேட்டாரா என்பதைச் சொல்லவில்லை.

நான் கெஞ்சினேன், கத்தினேன். இரவில் அவள் வலியில் பல்லைக் கடிப்பது பக்கத்தில் படுத்திருக்கும் எனக்குக் கேட்கும். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில் எதைச் சொன்னாலும் அவள் ஒரே பதில்தான் சொன்னாள்: "நீங்க மூணு பதினெட்டு. உங்களுக்கு இது புரியாது."

அப்போதுதான் மணிலாவிலிருந்து அவள் தங்கை டெல்ஃபினா வந்தாள். அக்காவுக்குத் துணையாக இருக்க ஆபீசில் விடுப்பு எடுத்திருந்தாள். கால் சென்டரில் புகார்ப் பிரிவில் வேலை. எங்கோ ஒரு தேசத்தில் குளிர்பெட்டி கெட்டுப்போன ஆள் காது கிழியத் திட்டுவான். இவள் தேன் குரலில் "உங்க வருத்தம் எனக்குப் புரியுது சார்" என்பாள். அந்தக் குரலில் எதிராளி களைத்துப்போய், தானே தப்பை ஒப்புக்கொள்வான்.

வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா அவள் பிறந்த தேதியைப் பெருக்கிப் பதினெட்டு என்றாள். டெல்ஃபினா கோபப்படவில்லை. பஸ் டிக்கெட்டைப் பார்த்துப் பெருக்கினாள், ஒன்பது வந்தது. செருப்பின் அளவு ஆறு. பெருக்கினால் ஐம்பத்து நாலு, நேராக ஒன்பது.

"அக்கா, நான் மிருகம். ஆனா என் செருப்பு புனிதர்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அத்தான், ஒன்பது வராத நம்பர் ஒண்ணு சொல்லுங்க."

நான் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்வரை தேடினேன். மின்கட்டணம், பெட்டியின் வரிசை எண், மாமியார் வயது. எதைப் போட்டாலும் ஒன்பதுதான்.

"எல்லா நம்பரும் கடவுள்னா, எதையுமே அவர் சொல்லலைன்னுதானே அர்த்தம்? தராசுல கல்லை வச்சாலும் கருவாட்டை வச்சாலும் ஒரே கிலோ காட்டினா, நாம தராசைத்தானே மாத்துவோம்?"

இதையே அவள் குழுவில் எழுதினாள். மிகப் பணிவாக. "அன்பு பிரதர், ஒன்பது வராத ஓர் எண்ணைத் தயவுசெய்து காட்டுவீர்களா? உங்கள் பொன்னான நேரத்துக்கு முன்கூட்டியே நன்றி."

குழு தீப்பிடித்தது. ஒன்பதாரும் மும்மூன்றாரும் சண்டையை நிறுத்திவிட்டு அவள் மேல் பாய்ந்தார்கள்.

"நீ யாரு? எந்த நாட்டுல இருந்து காசு வருது?"

"சகோதரி, நீங்க பதினெட்டு. அதான் இப்படிக் கேக்கத் தோணுது."

"ஒன்பது வராத எண் இல்லைங்கிறதே கடவுள் எங்கும் இருக்காருங்கிறதுக்கு அத்தாட்சி!" இதைத் தொமசிட்டோ எழுத, நானூறு பேர் இதயம் போட்டார்கள்.

டெல்ஃபினா பதில் எழுதினாள். "புரியுது சார். அப்ப என் அக்காவோட ஆபரேஷன் தேதியிலயும் கடவுள் இருக்காருதானே சார்?"

கிழவர் சூரிய அஸ்தமனம் போட்டார். ஆமென்.

அவளை மூன்று தடவை குழுவிலிருந்து விலக்கினார்கள். மூன்று தடவையும் வேறு பெயரில் வந்து, நன்றி சொல்லிவிட்டு அதே கேள்வியைக் கேட்டாள். கடைசியில் பிரதர் ஹெர்மோவே அறிவித்தார்: ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லிபாய் கூடைப்பந்து மைதானத்தில் நேரலையில் பதில் தருவேன், சந்தேகப் பேயை ஊரிலிருந்து ஓட்டுவேன். ஒலிபெருக்கிக்கு என் வீடியோகே பெட்டியையே கேட்டு அனுப்பினார். அதுதான் மலிவு. நானும் கொண்டுபோய் வைத்தேன்.

மைதானக் கூரையின்கீழ் ஊரே திரண்டிருந்தது. இடதுபக்கக் கூடையின் அடியில் மஞ்சள் அட்டைகள், வலதுபக்கக் கூடையின் அடியில் நீல அட்டைகள். மதிப்பெண் பலகையில் யாரோ குறும்புக்காரன் ஒன்பதுக்கு ஒன்பது என்று வைத்திருந்தான். ஊர்த்தலைவர் கப்பித்தான் இசிதோரோ முன்வரிசையில் இருந்தார். கிறிசாந்தா மஞ்சள் பக்கத்தில், விலாவில் தலையணையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் மாம்பழ நிறத்தில் இருந்தது.

பிரதர் ஹெர்மோ வெள்ளைச் சட்டையில் வந்து மைக்கைப் பிடித்தார். அரை மணி நேரம் கடவுளைக் கூட்டினார். பிறகு டெல்ஃபினா எழுந்தாள்.

"பிரதர், நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி. ஒரு எண் தர்றேன். எதோட எண்ணுன்னு சொல்ல மாட்டேன். நல்லதா கெட்டதான்னு நீங்க சொல்லணும். எண்ணே பேசும்னு நீங்கதானே எழுதுவீங்க?"

"எண் பேசும் சகோதரி. நான் வெறும் காது."

"ஆயிரத்து முந்நூத்து முப்பத்தெட்டு."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. கப்பித்தான் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தார். ஒரு தாய் பிள்ளையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். பிரதர் ஹெர்மோ அதைப் பரவசம் என்று நினைத்தார். கால்குலேட்டரைத் தட்டினார். பன்னிரண்டாயிரத்து நாற்பத்திரண்டு. ஒன்றும் இரண்டும் மூன்று, நாலைக் கூட்டினால் ஏழு, இரண்டைக் கூட்டினால் ஒன்பது.

"நேர்வழி!" என்று கத்தினார். கண் கலங்கியது. "இருபத்தேழும் இல்ல, பதினெட்டும் இல்ல, நேரா அவர் மடியிலயே போய் உக்காருது! சகோதரி, இது ஒரு புனிதரோட எண். சாந்தம். சமாதானம். இந்த எண் நுழையுற எடத்துல சண்டை சச்சரவே இருக்காது."

பின்வரிசையில் யாரோ விக்கினார்கள்.

"நிச்சயமா சார்?"

"என் உயிரை வச்சுச் சொல்றேன்."

டெல்ஃபினா நேராகப் பெட்டிக்குப் போய் ஒன்று, மூன்று, மூன்று, எட்டு என்று அழுத்தினாள்.

கிட்டார் ஒலித்தது. முதல் வரி திரையில் வருவதற்குள்ளேயே தொமசிட்டோவும் ருவெலும் எழுந்துவிட்டார்கள். இருவர் கண்களும் பளபளத்தன. மைதானத்தில் இருந்தது ஒரே மைக். அது பிரதர் ஹெர்மோ கையில் இருந்தது.

"நான் பாடுறேன், குடுங்க!"

"போன தடவையும் நீதான்டா பிடுங்கின! குடுங்க பிரதர்!"

"சகோதரர்களே, சமாதானம், சமா..." என்று பிரதர் ஹெர்மோ தொடங்கினார். மஞ்சள் அட்டை ஒரு கையை இழுத்தது, நீல அட்டை மறுகையை இழுத்தது. நாற்காலி ஒன்று பறந்து கூடைக்குள்ளேயே விழுந்தது. யாரோ கைதட்டினார்கள். வெள்ளைச் சட்டையில் ஒரு கை கிழிந்து ருவெலிடம் போய்ச் சேர்ந்தது.

"அப்னெர்! பிளக்கைப் பிடுங்குய்யா!" என்று கப்பித்தான் அலறினார்.

நான் கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் யார் காலோ பொத்தானில் பட்டுப் பாட்டு நின்றது. பெட்டி தன் கடமையைச் செய்தது. எக்காளம் ஊதி, பிரதர் ஹெர்மோவின் "ஐயோ, விடுங்கடா"வுக்குத் தொண்ணூற்றேழு மதிப்பெண் போட்டது. அது யாருக்கும் குறைத்துப் போடாது. அந்த விஷயத்தில் அதுவும் அவரும் ஒரே சாதி. ஆனால் பெட்டி யாரையும் ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று சொன்னதில்லை.

"சார், சாந்தம்னு சொன்னீங்க" என்றாள் டெல்ஃபினா, தேன் குரலில்.

பிரதர் ஹெர்மோ மூச்சு வாங்கினார். ஆனால் தண்ணீர் வடிகட்டி விற்றவரை லேசாக நினைக்கக் கூடாது. "எண் சுத்தம்தான் சகோதரி! பாடுனவங்க பதினெட்டு! பாத்திரம் அழுக்கா இருந்தா தண்ணி என்ன பண்ணும்?"

கூட்டம் தலையாட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், தலையாட்டியது. கிழிந்த சட்டையோடு தொமசிட்டோவே ஆட்டினான். டெல்ஃபினாவின் முகத்திலிருந்து முதல் தடவையாகச் சிரிப்பு போய்விட்டது. எனக்கோ எல்லாம் முடிந்துபோனது என்று தோன்றியது.

அப்போது ஒரு மெல்லிய குரல் கேட்டது. என் கிறிசாந்தா. தலையணையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறுகையில் கைபேசியோடு எழுந்து நின்றாள்.

"பிரதர், எனக்கு ஒரு சந்தேகம். பாட்டு ஓடும்போது சும்மா ஒண்ணு போட்டுப் பார்த்தேன்."

"கேளுங்க தாயே, நீங்க விசுவாசி."

"மிருகத்தோட எண்ணையே போட்டேன். அறுநூத்து அறுபத்தாறு. ஒன்பதால பெருக்கினா ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்து நாலு. கூட்டினா..." அவள் ஒரு தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "இருபத்தேழு வருது."

மைதானத்தில் எல்லோரும் கைபேசியை எடுத்தார்கள். பிறகு நூற்றுக்கணக்கான விரல்கள் தட்டும் ஒலி. மஞ்சள் பக்கம் ஒன்பதால் பெருக்கியது, நீலப் பக்கம் மூன்றால் பெருக்கி மறுபடியும் மூன்றால் பெருக்கியது. நீலப் பக்கத்திலிருந்து லூர்தித்தா, "எங்களுக்கும் இருபத்தேழுதான் வருது, சாந்தா" என்றாள். அவள் என் மனைவியை அந்தப் பெயரில் கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"அந்த எண்ணைப் பெருக்கக் கூடாது!" என்றார் பிரதர் ஹெர்மோ.

"ஏன் பிரதர்?"

"அது... அது விதிவிலக்கு. மிருகம் வேஷம் போடும்."

"அப்ப என் தேதியில இருந்தது எது பிரதர்? மிருகமே திருத்துவ வழியாக் கடவுள்கிட்டப் போகலாம். நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாதா?" அவள் குரல் உடைந்தது. "எனக்கு வலிக்குது பிரதர். ராத்திரியெல்லாம் வலிக்குது. நீங்க சொன்னதுக்காகத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இந்த வலியை எதால பெருக்கணும்னு சொல்லுங்க."

பிரதர் ஹெர்மோ கால்குலேட்டரை எடுத்தார், பிறகு அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவள் கழுத்திலிருந்த மூன்று அட்டைகளையும் கழற்றி நாற்காலியில் வைத்தாள். லூர்தித்தா நீலப் பக்கத்திலிருந்து வந்து தன்னுடையதையும் அதன்மேல் போட்டாள். தோழியின் இடுப்பைத் தாங்கிக்கொண்டாள். அதன் பிறகு பிளாஸ்டிக் அட்டைகள் விழும் ஓசை கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிரதர் ஹெர்மோ ஒற்றைக் கைச் சட்டையோடு காரை நோக்கி ஓடினார். கப்பித்தான் அவரைக் குறுக்கே மறித்து, காணிக்கைகளைத் திருப்பித் தராமல் கார் நகராது என்றார். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போதே யாரோ கார் எண்ணைப் பெருக்கிப் பார்த்துவிட்டு, "பதினெட்டு!" என்று கத்தினான். பழக்கம் சீக்கிரத்தில் போகாது.

ஆகஸ்ட் பதினாலாம் தேதி, மிருகத்தின் நாளில், டாக்டர் அம்மா என் மனைவியின் வயிற்றைத் திறந்தார். உள்ளே ஏற்கனவே சீழ் கட்டத் தொடங்கியிருந்ததாம். "நவம்பரா? நவம்பர்ல நீங்க பூவோட கல்லறைக்குத்தான் போயிருப்பீங்க" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நான் தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

கற்களை ஒரு சின்னச் சீசாவில் போட்டுக் கொடுத்தார்கள். டெல்ஃபினா அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, அக்கா நலம், எல்லோருக்கும் நன்றி என்று எழுதினாள். முதல் கேள்வி ஐந்தாவது நிமிடத்தில் வந்தது: "மொத்தம் எத்தனை கல்? பெருக்கிப் பார்க்கத்தான்."

கிழவர் அஸ்தமனம் போட்டார்.

பிரதர் ஹெர்மோ இப்போது பக்கத்துத் தீவில் இருப்பதாகக் கேள்வி. அங்கே கடவுளின் எண் ஏழு. கணக்கு இன்னும் கஷ்டமாம், அதனால் பக்தியும் அதிகமாம். எங்கள் ஊர் குழுவோ இன்னும் கலையவில்லை. டெல்ஃபினாவின் பழைய கேள்வியைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது வராத எண் எது என்று இரண்டு கட்சியாரும் தேடிக்கொண்டிருந்தார்கள். கோடிகளைப் பெருக்கினார்கள். நட்சத்திரத் தூரங்களைப் பெருக்கினார்கள்.

போன வாரம் கிறிசாந்தா சமையலறையில் தன் ரெண்டாயிரத்து இருநூத்துப் பதினாலைப் பாடிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து லூர்தித்தா கஞ்சிக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே கூவினாள்.

"சாந்தா, கண்டுபிடிச்சுட்டேன்டி! ஒன்பது வராத நம்பர் ஒண்ணு இருக்கு!"

"எது?"

"பூஜ்யம்! ஒன்பதால பெருக்கு, மும்மூணால பெருக்கு, உங்க வீட்டுக்காரர் பெட்டியைக் கொண்டுவந்து பெருக்கு. பூஜ்யம்தான் வருது!"

இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தையல் போட்ட இடம் வலிக்கிறது என்று இவள் திட்டிக்கொண்டே சிரித்தாள்.

லூர்தித்தாவின் விடை சரியானதுதான். ஆகையால் மகாஜனங்களே, நாளைக்கு இன்னொரு பிரதர் இன்னோர் எண்ணோடு உங்கள் ஊருக்கு வந்து, பெருக்குங்கள் என்று சொன்னால் தாராளமாகப் பெருக்குங்கள். அதற்கு முன்னால் உங்கள் தலைக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பூஜ்யம் இருந்தால், எந்தக் கடவுளால் பெருக்கியும் பயனில்லை.